சம்மர்ல கம்பேரட்டிவ் லா படிக்க வெளிநாடு போறது பிரயோஜனமா, இல்ல இன்டர்ன்ஷிப்பே போதுமா?

ஈசூன்_மாணவி:

வணக்கம். இங்க சிங்கப்பூர்ல லா ஸ்கூல்ல ரெண்டாம் வருஷம் முடிக்கப் போறேன். ஜூலைல கம்பேரட்டிவ் லா சம்மர் ப்ரோக்ராமுக்கு ரெண்டு எடத்துல அப்ளை பண்ணியிருந்தேன், ரெண்டுலயும் சீட் வந்துருச்சு, இப்ப எதுக்கு ஓகே சொல்றதுன்னு தெரியாம மண்டை காயுது.

ஒண்ணு, அமெரிக்க லா ஸ்கூல் ஒண்ணு இத்தாலில எடம் எடுத்து நடத்துறது. நாலு வாரம். ப்ரோஷரப் பாத்தா கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு, கடலும் சர்ச்சும் பழைய தெருவும்தான், பாடம் என்னன்னு தேடித்தான் கண்டுபிடிக்கணும். இன்னொண்ணு ஜெர்மனில ஒரு யூனிவர்சிட்டியே நடத்துறது, மூணு வாரம், அந்த ஊர் பேர எங்க வீட்ல யாரும் கேள்விப்பட்டதே இல்ல, ஃபீஸ் முதல்ல சொன்னதுல பாதி கூட வராது. ரெண்டும் இங்கிலீஷ்லதான். ரெண்டுலயும் கான்ட்ராக்ட், கிரிமினல் லா, கான்ஸ்டிட்யூஷன்னு நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் படிக்கிறதுதான் பாடம்.

அப்பா டாக்சி ஓட்டுறார். ட்யூஷன் சொல்லிக்குடுத்துச் சேத்த காசு கொஞ்சம் இருக்கு, மீதி நான் தர்றேன் போயிட்டு வான்னுட்டார். ஆனா அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. "நீ இங்க வக்கீலாகப் போற, ஜெர்மன்காரன் சட்டத்த வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" க்ளாஸ்ல பாதிப் பேர் மே, ஜூன், ஜூலைன்னு மூணு ஃபர்ம்ல அடுத்தடுத்து இன்டர்ன்ஷிப் வாங்கி வெச்சிருக்காங்க, அதப் பாத்தா இன்னும் பயமா இருக்கு. அம்மாவுக்கு ஒரே கவலை, நான் சைவம், அங்க என்ன சாப்பிடுவேன்னு.

போனவங்க, ஃபர்ம்ல ஆள் எடுக்குறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ரொம்ப நன்றி.

ஜூரோங்_கார்ப்பரேட்:

ஒளிக்காமச் சொல்றேன், இன்டர்ன்ஷிப் பண்ணும்மா. நான் ஃபர்ம்ல எம் அண்ட் ஏ, அதாவது கம்பெனிய வாங்குறது இணைக்கிறது பாக்குற டீம்ல இருக்கேன், இன்டர்ன் சிவி எல்லாம் எங்க டேபிளுக்குத்தான் வரும். "சம்மர் ஸ்கூல், ஐரோப்பா"ன்னு ஒரு வரியப் பாத்து யாரும் நின்னு படிக்கிறதில்ல, ஏன்னா போறவங்கள்ல பாதிப் பேருக்கு அது ஹாலிடேதான், இன்ஸ்டாவுல பாத்தாலே தெரியுமே. அதுவே நாலு வாரம் ஒரு அசோசியேட் பக்கத்துல உக்காந்து டியூ டிலிஜன்ஸ் (வாங்குறதுக்கு முன்னாடி கம்பெனிய அலசிப் பாக்குறது) ஃபைல் பொரட்டுன பிள்ளைன்னா, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வேலையக் குடுத்தா என்ன பண்ணும்னு எங்களுக்கு ஒரு ஐடியா கிடைக்கும். வக்கீலாகுறதுக்கான ட்ரெயினிங் வேற முன்ன ஆறு மாசமா இருந்தது இப்ப ஒரு வருஷமாயிடுச்சு, ஒரு வருஷம் கூட வெச்சுக்கப் போற ஆளப் பாத்துத்தான் எடுப்போம்.

அப்பா காசு. யோசிச்சுக்கோ.

தேக்கா_வக்கீல்:

ஜூரோங் சொல்றதுல பொய்யில்ல, ஆனா அது எம் அண்ட் ஏ டேபிள்ல இருந்து பாக்குற பார்வை. எனக்குப் பொழப்பு டிஸ்ப்யூட்ஸ், ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்லயும் நடுவர் முன்னாடியும் வழக்காடுறது. தங்கச்சி, முதல்ல அப்பாவோட கேள்விக்குப் பதில் சொல்றேன், நல்ல கேள்வி அது.

எங்ககிட்ட வர்ற ஃபைல எடுத்துப் பாத்தா ஒரு பக்கம் சிங்கப்பூர் கம்பெனி, இன்னொரு பக்கம் இந்தோனேசியாவோ தாய்லாந்தோ வியட்நாமோ இருக்கும். இந்தோனேசியாவோட சிவில் கோடு, அதாவது சிவில் சட்டத் தொகுப்பு, டச்சுக்காரங்க 1848ல கொண்டாந்தது, அது நெப்போலியனோட 1804 கோடு வழியில வந்தது. தாய்லாந்து கோடு 1925ல வந்தது, ஜெர்மன் கோடையும் ஜப்பான் கோடையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு எழுதுனது. இந்தோனேசியாவோட பாத்தாம் தீவுக்கு ஃபெர்ரி ஏறுனா ஒரு மணி நேரத்துல போய் எறங்கிடலாம், ஆனா அங்க சட்டத்தோட குடும்பமே வேற. ஜகார்த்தாலேர்ந்து ஒரு வக்கீல் லெட்டர் அனுப்பினா அவர் ஏன் ஒரு கேஸ கூட மேற்கோள் காட்டாம ஆர்ட்டிகிள் நம்பராவே பேசுறார்னு புரியறதுக்கு யாராவது ஒரு தடவ உக்கார வெச்சுச் சொல்லித் தந்திருக்கணும்.

அப்புறம் நம்ம கோர்ட்ல வெளிநாட்டுச் சட்டத்த ஒரு உண்மையா நிரூபிக்கணும். நீதிபதிக்கு அது தெரியும்னு எடுத்துக்க முடியாது, எக்ஸ்பர்ட் ஒருத்தரக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெக்கணும், எதிர்த்தரப்பு அவர க்ராஸ் பண்ணும். 2015ல ஆரம்பிச்ச சிங்கப்பூர் சர்வதேச வர்த்தக கோர்ட்ல இதத் தளர்த்தி, எக்ஸ்பர்ட் சாட்சி இல்லாம வக்கீலுங்க வாதமாவே வெக்கவும் அனுமதி குடுக்கலாம்னு வெச்சிருக்காங்க, அந்த பெஞ்சுல சிவில் லா நாட்டுல (இப்படி கோட வெச்சே சட்டம் நடக்குற நாட்டுல) இருந்து வந்த நீதிபதிங்களும் இருக்காங்க. அப்பாகிட்ட சொல்லுங்க, வெளிநாட்டுச் சட்டம் இங்க ஹை கோர்ட் பில்டிங்குக்குள்ளயே நடமாடுதுன்னு.

இப்ப படிப்பு. இதுல கத்துக்கிறது ஜெர்மன் சட்டம் இல்ல, மூணு வாரத்துல அத யாராலயும் கத்துக்க முடியாது. கேள்வி கேக்குற முறைய மாத்திக்கிறது, அதான் விஷயம். ஒரு உதாரணம். தாத்தா பேரன்கிட்ட "உனக்கு 10,000 வெள்ளி தர்றேன்டா"ன்னு வாயால சொல்லிட்டுத் தரலைன்னா பேரன் கேஸ் போடலாமா? நாம உடனே கன்சிடரேஷன் (வாக்குறுதிக்குப் பதிலாத் தர்ற ஏதோ ஒண்ணு) இல்ல, டீடுன்னு முறையாப் பத்திரம் எழுதியிருந்தாத்தான் செல்லும்னுவோம். ஜெர்மன்காரனுக்குக் கன்சிடரேஷன்னு ஒரு சரக்கே கிடையாது. அப்ப அங்க தாத்தா மாட்டிக்குவாரான்னு பாத்தா இல்ல, இனாமாத் தர்ற வாக்குறுதிய நோட்டரி முன்னாடி பதியணும்னு அவங்க கோடுல 518ஆம் பிரிவு இருக்கு. பிரான்ஸ்ல 931, அங்கயும் நோட்டரிதான். மூணு ஊர்லயும் யோசிக்காம வாய விட்ட தாத்தா தப்பிச்சுடுறார், போன வழிதான் வேற வேற. "உங்க ஊர்ல கன்சிடரேஷனுக்கு என்ன ரூல்"னு கேட்டிருந்தா "ஒண்ணும் இல்ல"ன்னு பதில் வந்திருக்கும், நாமளும் அங்க எல்லா வாக்குறுதியும் செல்லும்னு தப்பா எழுதிட்டு வந்திருப்போம். பிரச்சினைல இருந்து ஆரம்பி, ரூலோட பேர்ல இருந்து ஆரம்பிக்காதன்னு சொல்றது இதுக்குத்தான்.

எல்லாமே இப்படி ஒரே எடத்துல வந்து நிக்காது. பிடோக் ரிசர்வாயர்ல ஒருத்தர் முழுகுறார், கரையில ஒரு அந்நியர் ஃபோனப் பாத்துட்டு நிக்கிறார். பெத்தவங்க, லைஃப்கார்டுன்னு பொறுப்புள்ளவங்கள விட்டுடுங்க, சும்மா நின்ன ஆளுக்கு நம்ம சட்டத்துல காப்பாத்துற கடமைன்னு பொதுவா ஒண்ணு இல்ல. பிரான்ஸ்ல அவருக்கு ஆபத்து இல்லாமக் காப்பாத்தியிருக்க முடியும்னா 5 வருஷம் ஜெயில், 75,000 யூரோ அபராதம் வரைக்கும் போகலாம். ஜெர்மனில ஒரு வருஷம் வரைக்கும். ஏன் இந்த வித்தியாசம்னு க்ளாஸ்ல கேட்டாப் போதும், ஒரு மதியம் ஓடிடும்.

அடுத்தது குட் ஃபெயித், அதாவது நல்லெண்ணத்தோட நடந்துக்கிறது. ஜெர்மன் கோடுல 242ஆம் பிரிவுன்னு ஒரே ஒரு வாக்கியம், அத வெச்சு நூறு வருஷத்துக்கு மேல வண்டி ஓடுது. இங்கிலாந்து 1992ல, நல்லெண்ணத்தோட பேச்சுவார்த்தை நடத்துவோம்னு போடுற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லிருச்சு. நம்ம அப்பீல் கோர்ட் 2012ல ஆர்ச்சர்ட் ரோடு நீ ஆன் சிட்டி கடை வாடகை கேஸ்ல, புது வாடகைய நல்லெண்ணத்தோட பேசி முடிவு பண்ணணும்னு லீஸ்லயே எழுதியிருந்தா அது செல்லும்னு சொன்னாங்க. க்ளாஸ்ல நீங்க கொண்டு போய் வெக்க வேண்டிய கேஸ் அது, அங்க இருக்குறவங்க யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க.

எனக்கு மறக்காதது க்ளாஸ் இல்ல, கோர்ட்தான். நான் போனதும் ஜெர்மனிதான், ஒரு நாள் உள்ளூர் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கார் உரசின சின்ன கேஸ். நீதிபதிக்கு முப்பது வயசு தாண்டியிருக்குமான்னே சந்தேகம், ஏன்னா அங்க பரீட்சை முடிச்ச கையோட நேரா நீதிபதி வேலைக்கே போயிடலாம், நம்ம ஊர் மாதிரி முடி நரைக்கக் காத்திருக்க வேணாம். அந்தம்மா ஃபைல முழுசாப் படிச்சுட்டு வந்திருந்தாங்க. சாட்சிய முதல்ல கேள்வி கேட்டதே அவங்கதான், வக்கீலுங்க ரெண்டு பேரும் பாதி நேரம் சும்மா உக்காந்திருந்தாங்க. சாட்சி நீளமா ஏதோ சொல்லி முடிச்சதும் நீதிபதி கையில இருந்த சின்ன ரெக்கார்டர எடுத்து, அவர் சொன்னத தன் வார்த்தைல சுருக்கி அதுக்குள்ள பேசினாங்க, அப்புறம் சாட்சியப் பாத்து இது சரிதானேன்னு கேட்டாங்க, அவர் தலையாட்டினார். அதுதான் ரெக்கார்டு! இங்க ஒரு வார்த்தை விடாம ட்ரான்ஸ்க்ரிப்ட் எடுத்து அதுல ஒரு கமாவுக்குச் சண்டை போடுற நமக்கு அதப் பாக்க தலை சுத்தும். கடைசில, இப்போதைக்கு என் எண்ணம் இப்படித்தான் இருக்கு, நீங்களே பேசி முடிச்சுக்கிறீங்களான்னு வெளிப்படையாவே கேட்டு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு, அதையும் ரெக்கார்டர்ல பேசி முடிச்சுட்டாங்க. இத புக்குல படிச்சா ரெண்டு வரி.

அதனால ப்ரோக்ராம் தேர்ந்தெடுக்கணும்னா ஊரப் பாக்காதீங்க, பக்கத்து சீட்ல யார் உக்காரப் போறாங்கன்னு பாருங்க. அமெரிக்க லா ஸ்கூல் ஐரோப்பால நடத்துறதுல பெரும்பாலும் அவங்க ஜேடி (அமெரிக்கச் சட்டப் பட்டம்) பசங்கதான் இருப்பாங்க, அவங்க க்ரெடிட்டுக்காகப் போட்ட ப்ரோக்ராம் அது, ஃபீஸும் அமெரிக்கக் கணக்குலதான் வரும். பாடம் மோசமா இருக்காது. ஆனா அமெரிக்காவும் காமன் லா, அதாவது பழைய தீர்ப்புகள வெச்சு நடக்குற சட்டம், நாமளும் காமன் லா, நடுவுல ஒரு இத்தாலிக்காரர் வந்து லெக்சர் குடுத்துட்டுப் போயிடுவார். யூனிவர்சிட்டியே நடத்துறதுல போலந்து, பிரேசில், துருக்கி, ஜப்பான்னு வருவாங்க, சாயங்காலம் சாப்பிடும்போது "உங்க ஊர்ல ஜூரி ஏன் இல்ல"ன்னு கேப்பாங்க, நீங்க 1969லயே எடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டு ஏன்னு விளக்கணும். அப்பத்தான் நம்ம சட்டத்தையே நாம சரியாப் படிக்க ஆரம்பிப்போம்.

அராப்_ஸ்திரீட்_பேத்தி:

அண்ணன் சொன்ன கடைசி விஷயத்துக்கு நானே சாட்சி. நான் போனது பிரான்ஸ். வாரிசுச் சட்டம் க்ளாஸ்ல ப்ரொஃபஸர் போர்டுல பிரெஞ்சு ரூல எழுதினாங்க, பெத்த பிள்ளைங்கள உயில் எழுதி ஒதுக்க முடியாதாம், ஒரு பிள்ளைன்னா சொத்துல பாதி, ரெண்டுன்னா மூணுல ரெண்டு பங்கு, மூணு அதுக்கு மேலன்னா முக்கால் பங்கு அவங்களுக்குன்னு சட்டமே ஒதுக்கி வெச்சிருக்கு, மீதியத்தான் இஷ்டப்பட்டவங்களுக்கு எழுதலாம். பக்கத்துல இருந்த அமெரிக்கப் பையனுக்கு ஒரே ஆச்சரியம், என் காசு நான் பூனைக்குக் கூட எழுதுவேன்னான். நான் கையத் தூக்கி, சிங்கப்பூர்ல ஒரே தெருவுல ரெண்டும் இருக்குன்னு சொன்னேன். என் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா உயில் எழுதினா யாருக்கு வேணா எழுதலாம், நம்பி இருக்குறவங்க பராமரிப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போக வழியிருக்கு, அவ்வளவுதான். நாங்க தமிழ் முஸ்லிம், எங்க வாப்பா உயில் எழுதினா முஸ்லிம் சட்டப்படிதான் எழுத முடியும், பொதுவா மூணுல ஒரு பங்குக்கு மேல போக முடியாது, மீதி ஃபராயிதுங்கிற இஸ்லாமிய வாரிசுப் பங்கு கணக்குல பிரியும், 1966ல வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்துலயே இது இருக்கு.

அப்ப அந்த ப்ரொஃபஸர் சாக்பீஸ வெச்சுட்டு, ரெண்டு பிள்ளை உள்ள பிரெஞ்சுக்காரருக்கும் கையில மிஞ்சுறது மூணுல ஒண்ணுதானேன்னு சிரிச்சாங்க. ஒரே எண்ணு, ஆனா வந்த காரணம் முழுக்க வேற, அங்க புரட்சிக்கு அப்புறம் அண்ணன் தம்பிக்குள்ள சமமாப் பிரியணும்கிற அரசியல், இங்க குர்ஆன், ஹதீஸ். எண்ணு ஒண்ணா இருக்குன்னு ரெண்டு சட்டமும் ஒண்ணுன்னு எழுதிடாதேன்னும் சொன்னாங்க. ப்ரேக்ல மொராக்கோ பொண்ணு ஒண்ணு வந்து எங்க ஊர் மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவு), அவங்க ஊர் மத்ஹப்னு பேச ஆரம்பிச்சு, அடுத்த க்ளாஸுக்கு ரெண்டு பேரும் லேட்.

வீட்ல பேசுற விஷயத்தையே அங்க கொண்டு போங்க. எங்க ஃபைசா மாமிகிட்ட கேட்டா ஃபராயிது கணக்கு அஞ்சு நிமிஷத்துல போட்டுக் குடுப்பாங்க, ஆனா அதுக்கு ஐரோப்பால ஒரு க்ளாஸ் முழுக்க எழுதி வெச்சுக்குவாங்க.

மெட்ராஸ்_டு_க்ளெமென்டி:

நான் சென்னைல பிஎல் முடிச்சுட்டு இங்க எல்எல்எம் பண்ண வந்தவன். ஒரு மாற்றுக் கருத்து. கம்பேரட்டிவ் லாவுக்கு ஐரோப்பாதான் போகணும்னு இல்லைங்க, இங்க வந்த முதல் வாரம் உங்க பீனல் கோட, அதாவது குற்றச் சட்டத்தப் பிரிச்சப்போ கொலைக்கு 300, 302னு எங்க நம்பரே இருந்துச்சு, ஊருக்கே வந்துட்ட ஃபீலிங். இந்தியாவோட 1860 சட்டம் ஜலசந்திக் குடியேற்றங்கள்ல (சிங்கப்பூரும் சேந்த பழைய பிரிட்டிஷ் காலனி) 1871ல வந்தது, அப்படியே தங்கிருச்சு. தமாஷ் என்னன்னா அத எழுதின ஊர்ல இப்ப அது இல்ல, 2024 ஜூலை 1லேர்ந்து எங்களுக்குப் புதுச் சட்டம், கொலைக்குத் தண்டனை இப்ப 103, எங்க ஊர் போலீஸ்காரங்களே இன்னும் 302ன்னுதான் சொல்றாங்க. 302 உயிரோட இருக்குறது உங்ககிட்ட.

காண்ட்ராக்ட்ல இன்னும் சுவாரஸ்யம். 1880களோட ஆரம்பத்துல மெட்ராஸ் ஹைகோர்ட்ல சின்னய்யா ராமய்யா கேஸ்னு ஒண்ணு. ஒரு வயசான அம்மா மகளுக்கு நிலத்த எழுதி வெச்சு, என் கூடப் பொறந்தவங்களுக்கு வருஷா வருஷம் பணம் குடுத்துடுன்னு சொல்றாங்க, மகளும் எழுதிக் குடுத்துட்டு அப்புறம் நீங்க எனக்கு என்ன குடுத்தீங்கன்னு கைய விரிச்சுட்டாங்க. கன்சிடரேஷன் அந்த அம்மாகிட்ட இருந்து வந்தாலும் போதும்னு கோர்ட் பணத்தக் குடுக்கச் சொல்லிருச்சு, ஏன்னா 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்துல "வேறு எவரும்" குடுத்தாலும் சரின்னு இருக்கு. மலேசியாவும் அந்தச் சட்டத்தத்தான் எடுத்துக்கிச்சு. நீங்க எடுக்கல, இங்கிலாந்து வழியிலயே போய் மூணாம் ஆளோட உரிமைக்கு 2001ல தனிச் சட்டம் போட்டீங்க. ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரூல், இந்தப் பக்கம் ஒரு ரூல், இதுக்கு விமானம் எதுக்கு?

இருந்தாலும் ஜெர்மனிக்கே போங்கன்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கு. கேசவானந்த பாரதி கேஸ், 1973, அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்பத் திருத்தம் போட்டும் அழிக்க முடியாதுங்கிற கருத்து, அத எல்லாரும் இந்தியாவோட சொந்தச் சரக்குன்னு நினைக்கிறோம். டீட்ரிச் கான்ராட்னு ஒரு ஜெர்மன் ப்ரொஃபஸர் 1965ல பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல பேசினார், நாடாளுமன்றம் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வெச்சுக்கிட்டு அரசியலமைப்பையே ஒழிச்சுட முடியுமான்னு. ஹிட்லர் காலத்தப் பாத்த நாட்டுக்காரர் கேக்குற கேள்வி அது, அதனாலதான் அவங்க 1949 அடிப்படைச் சட்டத்துல சிலத எந்தத் திருத்தத்தாலயும் தொட முடியாதுன்னு 79ஆம் பிரிவுல பூட்டிட்டாங்க. அந்தப் பேச்சு வக்கீல் நம்பியார் கைக்குப் போச்சு, கோலக்நாத் கேஸ்ல அவர் அத வாதமா வெச்சார், அங்கேர்ந்து 1973. அதுவே இங்க வந்தப்போ 1989ல டியோ சோ லுங் கேஸ்ல உங்க ஹை கோர்ட், இந்தியாவோட வரலாறு வேற நம்மளோடது வேறன்னு ஒதுக்கிருச்சு. ஜெர்மனில பொறந்து, காசி வழியா டெல்லி போய், சிங்கப்பூர் வாசல்ல நின்னுட்ட ஒரு கருத்து. இதத் தலைக்குள்ள போட்டுக்கிட்டு அந்த க்ளாஸ்ல உக்காருங்க.

விசா பத்தி ஒண்ணு. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுன்னா ஷெங்கன் நாட்டுல (ஒரே விசாவுல போகக்கூடிய ஐரோப்பிய நாடுங்க, ஜெர்மனி, இத்தாலி ரெண்டும் அதுல இருக்கு) 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும் விசா இல்லாம இருக்கலாம். என்னை மாதிரி இந்தியப் பாஸ்போர்ட்ல இங்க பிஆரா (நிரந்தரவாசியா) இருக்குறவங்க இதப் படிச்சா, விசா அப்பாய்ன்ட்மெண்ட்ட இப்பவே போடுங்க, சீட் லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் உக்காந்திருக்காதீங்க. ப்ரோக்ராம் அமெரிக்காவுலேயே நடக்குறதுன்னா கதை வேற, க்ரெடிட்டுக்காகப் படிக்கப் போறவங்க சிங்கப்பூர் பாஸ்போர்ட்டா இருந்தாலும் விசா இல்லாமப் போறவங்களுக்குத் தர்ற எஸ்டா அனுமதிய மட்டும் வெச்சுப் போகக் கூடாது, மாணவர் விசா வேணும்.

உட்லண்ட்ஸ்_அம்மா:

லாவெல்லாம் எனக்குத் தெரியாது, என் மகன் போயிட்டு வந்தான், அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது மட்டும் சொல்றேன்மா. ஜெர்மனில யூனிவர்சிட்டி கேண்டீன மென்சான்னு சொல்லுவாங்க, தினமும் சைவம்னு ஒரு தட்டு இருக்கும், வெளிய சாப்பிடறத விட ரொம்ப மலிவு. ஆனா உருளைக்கிழங்கு, சீஸ், பாஸ்தான்னு சுத்திச் சுத்தி வரும், மூணாவது நாள் ரசம் கேக்கும் வாய். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி குடுத்து விடச் சொல்லுங்க, பால், நெய் கலந்தது மட்டும் பெட்டியில வெக்க வேணாம், ஐரோப்பாவுக்குள்ள பால், இறைச்சி சாமான் கொண்டு போக விட மாட்டாங்க.

ஜூலைல அங்க வெயில் காலம், ஹாஸ்டல்ல ஏர்கான் இருக்காது, ஃபேன் கூட இருக்காது. நம்ம பிள்ளைங்க ஐரோப்பான்னா குளிர்னு ஜாக்கெட்டா அடுக்கிட்டுப் போகும். ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சமா வேற இருக்குமாம், திரைச்சீலை இல்லாத ரூம்ல தூங்க முடியலைன்னு ஃபோன் போட்டான்.

ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடிடுவாங்க, சனிக்கிழமையே வாங்கி வெச்சுக்கணும். டிக்கெட் ஜூன் கடைசில ஸ்கூல் லீவு முடியறப்போ கூட வெலை எறங்காது, இப்பவே போட்டுடுங்க. காசு விஷயத்துல அப்பாகிட்ட கேக்குறதுக்கு முன்னாடி ஸ்கூல் ஆபீஸ்ல கேளுங்கம்மா, உதவித்தொகை ஏதாவது இருக்கா, பிஎஸ்இஏ கணக்குல (மேல்படிப்புக்கான அரசாங்கக் கணக்கு) இருக்குறத இதுக்கு எடுக்க விடுவாங்களான்னு. பிள்ளைங்க வாய் திறந்து கேக்க மாட்டேங்குது, அதான் பிரச்சினை.

ஈசூன்_மாணவி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு நினைக்கல. அப்பாகிட்ட இந்தோனேசியா விஷயத்தச் சொன்னேன், பாத்தாம் வரைக்கும் அவருக்குப் புரிஞ்சுது, அப்ப சரின்னுட்டார். ஜெர்மனின்னுதான் மனசு சொல்லுது. இன்னும் ரெண்டு கேள்வி. ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது, போறதுக்கு முன்னாடி என்ன படிச்சுட்டுப் போகணும்? இன்னொண்ணு, ட்யூட்டர் ஒருத்தர் அதுக்குப் பதிலா ஹேக் அகாடமிக்கு ட்ரை பண்ணுன்னார், அது இத விடப் பெருசா?

தேக்கா_வக்கீல்:

ஹேக் அகாடமி பேர் பெருசுதான், 1923ல ஆரம்பிச்சது, அமைதி மாளிகைலயே க்ளாஸ், பப்ளிக் இன்டர்நேஷனல் லா (நாடுகளுக்கு இடையிலான சட்டம்) மூணு வாரம், ப்ரைவேட் இன்டர்நேஷனல் லா மூணு வாரம். ஆனா அது சர்வதேசச் சட்டம், நாட்டுக்கு நாடு சட்டத்த ஒப்பிடுறது இல்ல. ப்ரைவேட் இன்டர்நேஷனல் பக்கம் கொஞ்சம் ஒட்டும், எந்த நாட்டுச் சட்டம் இந்த வழக்குக்குப் பொருந்தும்கிறதுதான் அங்க கேள்வி. பட்டம் முடிக்கிற சமயத்துல போனா இன்னும் நல்லாப் புரியும், அவசரமில்ல.

படிக்கிறதுக்கு. ஜெர்மன் நீதித்துறை அமைச்சகமே அவங்க சிவில் கோட இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து இலவசமா ஆன்லைன்ல போட்டிருக்கு. 1900 ஜனவரி 1லேர்ந்து அமல்ல இருக்குற கோடு, 2385 பிரிவு, பயந்துடாதீங்க. 145லேர்ந்து 157 வரைக்கும் ஆஃபர், அக்செப்டன்ஸ், அத நம்ம கேஸ் லாவோட பக்கத்துல வெச்சுப் படிங்க. அப்புறம் 242, 433 (விற்பனை ஒப்பந்தம்), 518, 929 (பொருளோட சொந்தம் மாறுறது). இந்த 433, 929 ரெண்டையும் சேத்துப் படிச்சாத்தான் ஜெர்மன்காரன் மண்டை எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும். கோப்பிக்கடைல ஒரு கோப்பி ஓ பிங் (பால் இல்லாத ஐஸ் காப்பி) வாங்குறீங்க, நமக்கு அது ஒரே விற்பனை, எப்ப சொந்தம் மாறுதுங்கிறது ரெண்டு பேரோட எண்ணத்தப் பொறுத்ததுன்னு நம்ம சரக்கு விற்பனைச் சட்டம் சொல்லும். அவங்க கணக்குல மூணு ஒப்பந்தம், வாங்குறேன் விக்கிறேன்னு ஒண்ணு, கோப்பி உங்களுக்குச் சொந்தமாகுறதுக்கு ஒண்ணு, காசு கடைக்காரருக்குச் சொந்தமாகுறதுக்கு ஒண்ணு. முதல் ஒப்பந்தம் செல்லாமப் போனாலும் மத்த ரெண்டும் தனியா நிக்கும். முதல் நாளே ரொட்டிய வெச்சு இதத்தான் சொல்லித்தருவாங்க, எல்லாரும் சிரிப்பாங்க, அப்புறம் வாங்கினவன் திவாலானா என்ன ஆகும்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அப்ப சிரிப்பு நின்னுடும்.

பிரெஞ்சு தீர்ப்பு ஒண்ணு ரெண்டும் மொழிபெயர்ப்புல பாருங்க. அவங்க உச்ச நீதிமன்றம் ரொம்ப காலமா ஒரு தீர்ப்ப ஒரே நீட்டு வாக்கியமா எழுதிட்டு இருந்துச்சு, 2019லதான் நேரடி நடைக்கு மாறினாங்க. மாற்றுத் தீர்ப்புன்னு (டிசென்ட், பெரும்பான்மையோட ஒத்துப்போகாத நீதிபதி எழுதுறது) ஒண்ணு அங்க வெளியவே வராது. ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றத்துல 1970லேர்ந்து வரும். நீங்க டிசென்ட் படிச்சே வளந்த பிள்ளை, அது இல்லாத ஊர்ல வக்கீல் எத வெச்சு அடுத்த கேஸ வாதாடுவார்னு யோசிச்சுட்டுப் போங்க.

தேதிய மட்டும் ஒரு தடவ பாத்துக்கோங்க. ஜெர்மன் யூனிவர்சிட்டிங்களுக்கு லெக்சர் முடியறதே ஜூலை நடுவுலதான், அதனால சில ப்ரோக்ராம் ஆகஸ்டுக்குள்ள நீளும், உங்களுக்கு ஆகஸ்ட் தொடக்கத்துலயே செமஸ்டர் வந்துரும்.

ஜூரோங்_கார்ப்பரேட்:

என் கருத்து மாறல, ஆனா போறதுன்னு முடிவு பண்ணிட்டா இப்படிப் பண்ணு. மே கடைசிலேர்ந்து ஜூன் வரைக்கும் ஒரே ஒரு ஃபர்ம்ல நாலு வாரம், ஜூலைல ஜெர்மனி. மூணு ஃபர்ம் சுத்துறவங்களுக்கும் ஒரு ஃபர்ம்ல ஒழுங்கா வேலை செஞ்சவங்களுக்கும் எங்க டேபிள்ல பெரிய வித்தியாசம் கிடையாது, அது வெறும் கியாசுத்தனம், மத்தவங்களுக்குப் பின்னாடி போயிடுவோமோங்கிற பயம். மூணாம் வருஷ சம்மர மட்டும் வெளிய எங்கயும் போகாம ஃபர்முக்கே வெச்சுக்கோ, ட்ரெயினிங் கான்ட்ராக்ட்டுக்கு அதுதான் கணக்கு. உன் சிவிக்குள்ள "சம்மர் ஸ்கூல்"னு மொட்டையாப் போடாத, நீ அங்க எழுதின பேப்பர் தலைப்பப் போடு. இந்தோனேசியக் கட்டுமான ஒப்பந்தத்துல குட் ஃபெயித்னு ஒரு வரி இருந்தா நானே நிறுத்திப் படிப்பேன்.

க்ரெடிட் மாத்திக்கிறதுன்னா காசு கட்டுறதுக்கு முன்னாடி ஸ்கூல்கிட்ட ஈமெயில்ல அப்ரூவல் வாங்கு. கவுண்டர்ல வாயால ஓகேன்னாங்கன்னு நம்பிப் போகாத.

ஈசூன்_மாணவி:

தேதி பாத்துட்டேன், ஜூலை 25 முடியுது, செமஸ்டருக்கு முன்னாடி வந்துடலாம். ஸ்கூலுக்கு ஈமெயில் போட்டாச்சு. கோப்பி ஓ கணக்க அப்பாகிட்ட சொன்னேன், அப்ப டாக்சில ஏறி எறங்குனா எத்தன ஒப்பந்தம்னு கேக்குறார், தேக்கா அண்ணன், இதுக்கு என்ன சொல்றது?

தேக்கா_வக்கீல்:

சவாரில சரக்கு எதுவும் கை மாறல, அதனால ரெண்டுதான். கூட்டிட்டுப் போறதுக்கு ஒண்ணு, காசு அவர் கைக்குப் போறதுக்கு ஒண்ணு. மீதிச் சில்லறை குடுத்தா இன்னொண்ணு சேத்துக்கச் சொல்லுங்க.